கடன் வாங்கி ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாமா?

ஒரு வாசகரின் கடிதம் வந்திருக்கிறது. நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 29. அலுவலக வேலை. விடுமுறைகளில் குறும்படம் எடுக்கிறார். இதுவரை இரண்டு எடுத்திருக்கிறார். இரண்டாவதை ஒன்பது விழாக்களுக்கு அனுப்பினார், ஒன்பதிலும் தேர்வாகவில்லை. இப்போது மூன்றாவது படத்துக்கு 18 பக்கத் திரைக்கதை தயார். ஒரே வீடு, ஒரே இரவு. மின்சாரம் போன வீட்டில் அப்பாவும் மகளும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பல வருடமாகப் பேசாமல் விட்ட ஒன்றைப் பேசிக்கொள்கிறார்கள்.

கையில் இருப்பது ஆறு வருடப் பழைய ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமரா (பிம்பத்தைப் பதியும் சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது), அதோடு வந்த கிட் லென்ஸ், எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு 50 எம்.எம். லென்ஸ், கொஞ்சம் சேமிப்பு. ஒளிப்பதிவு செய்யப்போகும் நண்பரோ, "இரவுப் படத்துக்கு இந்தக் கேமரா தாங்காது. ஃபுல் ஃப்ரேம், 4கே, லாக் இதெல்லாம் இல்லாமல் எந்த விழாவிலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்கிறார். (லாக் என்பது பின்னால் கலர் மாற்ற வசதியாக, வெளுத்த தோற்றத்தில் பதியும் முறை.) அதற்குச் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு கடன் வாங்க வேண்டும். சவுண்டுக்கு எதுவும் ஒதுக்கவில்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். மூன்று இரவில் படப்பிடிப்பை முடிப்பதாகத் திட்டம். அப்பாவாக நடிக்க மேடை அனுபவமுள்ள ஒரு மூத்த நடிகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். "சின்னக் கேமராவைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ" என்ற கூச்சம் வேறு.

கேள்விகள் மூன்று. கடன் வாங்கலாமா? வேண்டாமென்றால் இருப்பதை வைத்து எப்படி எடுப்பது? படத்தில் அப்பா ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறார், அதில் ஏதாவது சிக்கல் வருமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடன் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் பாதி முடிவெடுத்துவிட்டதாகத் தோன்றியது.

நீங்கள் அனுப்பியிருந்த இரண்டாவது படத்தைப் பார்த்தேன், இரண்டு முறை. விழாக்களில் ஏன் எடுக்கவில்லை என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பார்வையாளனாக எனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியும். நான்காவது நிமிடத்தில் அந்தச் சமையலறைக் காட்சியில் அக்கா சொல்லும் இரண்டு வாக்கியங்கள் எனக்குக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். ஃபேன் சத்தமும் சேர்ந்து கூடியது. அடுத்த காட்சி தெருவில் தொடங்கியதும் திடுக்கிட்டு ஒலியைக் குறைத்தேன். அதற்குப் பிறகு கதைக்குள் என்னால் திரும்பப் போக முடியவில்லை. படம், அதாவது பிம்பம், நன்றாகவே இருந்தது. ஜன்னலோரம் அக்கா நிற்கும் ஷாட்டை நானே எடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அதே கேமராதான், அதே லென்ஸ்தான்.

இருட்டைப் பற்றிய கணக்கு

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சம் மிகக் குறைவு. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் முகத்துக்குத் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). லென்ஸை எஃப் 1.8க்குத் திறந்து, ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தால், முகம் சரியான எக்ஸ்போஷரில் பதிய ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன், கூட்டினால் பிம்பத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும்) 40,000 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் கேமராவில் அது மணல் கொட்டியதுபோல் இருக்கும்.

சரி, ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் என்ன லாபம்? சென்சாரின் பரப்பு ஏ.பி.எஸ்.-சியைவிட ஏறக்குறைய 2.3 மடங்கு. அதே லென்ஸ் திறப்பில் இது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்). புதிய சென்சார் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். இதற்காகத்தான் அந்தக் கடன்.

இப்போது அந்த மெழுகுவர்த்தியை ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு நகர்த்துங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. இரண்டு ஸ்டாப் கிடைத்துவிட்டது. ஒன்றுக்குப் பதில் நான்கு மெழுகுவர்த்தி வையுங்கள், ஃப்ரேமுக்குள் ஒன்று தெரிந்தால் போதும், மற்ற மூன்றும் ஃப்ரேமுக்கு வெளியே அதே திசையில் இருக்கட்டும். இன்னும் இரண்டு ஸ்டாப். 40,000 இப்போது 2,500க்கு வந்துவிட்டது. இரவுக் காட்சியில் முகம் ஒரு ஸ்டாப் குறைவாக இருப்பதுதான் கண்ணுக்கு இயல்பாகப் படும் என்பதால் 1,250இல்கூட எடுக்கலாம். உங்கள் கேமரா இதை வியர்க்காமல் செய்யும்.

நடைமுறையில் நான் மெழுகுவர்த்தியை மட்டும் நம்ப மாட்டேன். அது உருகும், உயரம் குறையும், ஷாட்டுக்கு ஷாட் மாறும், எடிட்டிங்கில் வெட்ட முடியாது. ஃப்ரேமுக்குள் இருப்பது நிஜ மெழுகுவர்த்தி. முகத்தில் விழும் வெளிச்சம், அதற்குச் சற்று வெளியே, அதே பக்கத்தில், அதே உயரத்தில் வைத்த ஒரு சின்ன எல்.இ.டி. அதை வெதுவெதுப்பான ஆரஞ்சு நிறத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு பட்டர் பேப்பரைக் கட்டி மென்மையாக்குங்கள். முன்னால் ஒருவர் விரல்களை எப்போதாவது மெதுவாக அசைத்தால் சுடரின் அசைவு வந்துவிடும். எப்போதாவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இதை அதிகமாகச் செய்து, வீட்டுக்குள் புயல் அடிப்பதுபோல் ஆக்கிவிடுவார்கள்.

மலிவான எல்.இ.டி.களில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மங்கலாக்கும்போது சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், கேமராவில் கோடு கோடாக ஓடும். வாடகைக்கு எடுக்கும் முன் உங்கள் கேமராவில், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஷட்டர் வேகத்தில், மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துப் பத்து விநாடி பதிந்து பாருங்கள். இரண்டு, விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்குப் பெட்டியில் 'சி.ஆர்.ஐ. 95' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அதில் சேராது, ஆர்9 என்று தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். மனிதத் தோலுக்கு அந்தச் சிவப்பு முக்கியம், மெழுகுவர்த்திக் காட்சியில் இரட்டிப்பு முக்கியம். ஆர்9 குறைவான விளக்கில் உங்கள் நடிகர் காய்ச்சல்காரரைப்போலத் தெரிவார்.

அப்புறம், இருட்டு என்பது எல்லாவற்றையும் மங்கலாக எடுப்பதல்ல. திரையில் இரவு தெரிவது வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தால். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கறுப்பு. வெள்ளைச் சுவர் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் எதிரி. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலையெல்லாம் நிரப்பிவிடும். முகத்தின் இருண்ட பக்கம், ஃப்ரேமுக்கு வெளியே, ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வீட்டில் இருக்கும் கறுப்புப் போர்வை போதும். இதைவிடச் சிக்கனமான ஒளிப்பதிவுக் கருவி எனக்குத் தெரிந்து கிடையாது. பின்னணி முழுக் கறுப்பில் மூழ்கிவிடாமல் இருக்க, ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கை வைத்து, சற்று நீலமாக, மிக மெல்லியதாக உள்ளே விடுங்கள். அது நிலவா தெருவிளக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊரே இருட்டு என்பது உங்கள் கதைக்கு அவசியமானால் மட்டும் தெருவிளக்கு என்ற எண்ணம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவைச் சுற்றிய சில நம்பிக்கைகள்

'ஃபுல் ஃப்ரேம் இருந்தால்தான் சினிமா' என்பது வரலாற்றைத் தலைகீழாகப் பார்ப்பது. ஃபுல் ஃப்ரேம் என்பது புகைப்படக்காரர்களின் அளவு, 36க்கு 24 மில்லிமீட்டர். சினிமாக் கேமராவில் 35 எம்.எம். ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடும். அதில் ஒரு ஃப்ரேமின் அகலம் ஏறக்குறைய 22 முதல் 25 மில்லிமீட்டர்தான். உங்கள் ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அகலமும் கிட்டத்தட்ட அதுவே. தலைமுறை தலைமுறையாகத் திரையரங்கில் நாம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை உங்கள் கையிலிருக்கும் அகலத்தில் பதிந்தவை.

4கே, அதாவது பிம்பத்தின் அகலத்தில் ஏறக்குறைய 4,000 புள்ளிகள் என்பதும் அப்படித்தான். திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியில் இன்றும் 2கே என்பது முழுமையான, ஏற்கப்பட்ட தரம். 2010இல் அறிமுகமான ஆரி (ARRI) நிறுவனத்தின் அலெக்ஸா சினிமாக் கேமராவின் சென்சார் 2.8கேதான், அதில் எடுத்த எத்தனையோ பெரிய படங்களை உலகம் பார்த்தது. உங்கள் கேமராவில் 4கே இருந்தால் எடுங்கள், எடிட்டிங்கில் ஃப்ரேமைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள உதவும். ஆனால் 4கே இருந்தால்தான் எடுப்போம் என்று விழாக்களுக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. 2015இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'டேஞ்சரின்' என்ற படம் ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டது. இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். அதன் சவுண்டைப் போனில் பதியவில்லை, அதற்குத் தனி ஆளும் தனிக் கருவியும் இருந்தன என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

லாக் பற்றி. உங்கள் கேமரா 8 பிட்டில் பதிகிறது, ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட்டில் 1,024. லாக் என்பது இருக்கிற படிகளில் மிக அகலமான வெளிச்ச வரம்பை அடைப்பது. 8 பிட் லாக்கில் இருட்டுச் சுவரை எடுத்து, கலர் செய்யும்போது இழுத்தால், சுவரில் வளையம் வளையமாகப் பட்டை விழும். உங்கள் படத்தில் பாதி ஃப்ரேம் இருட்டுச் சுவர். கான்ட்ராஸ்ட் குறைந்த சாதாரண பிக்சர் புரொஃபைலில், கிட்டத்தட்ட இறுதித் தோற்றத்திலேயே எடுத்துவிடுங்கள்.

லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டரில் குளோசப் எடுத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். மூத்த நடிகர் மூச்சிழுத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் மங்கி, மூக்கு தெளிவாகிவிடும். வெளிச்சம் அனுமதித்தால் எஃப் 2.8க்கு மூடுங்கள். இல்லையென்றால் கேமராவைப் பின்னால் கொண்டுபோய் இருவரையும் ஒரே ஃப்ரேமில் உட்கார வையுங்கள். இந்தக் கதைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து, பேசாத இருவர் ஒரே ஃப்ரேமில் இருப்பதே ஒரு காட்சி.

ஷட்டரை 1/50இல் வைத்தால் 24, 25 ஃப்ரேம் இரண்டுக்கும் அசைவு இயல்பாக இருக்கும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடும் இடமென்றால் 1/60 பாதுகாப்பு. கிம்பல் (நடந்து எடுக்கும்போது கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) வேண்டாம், ஸ்திரமான டிரைபாட் போதும்.

கடனைப் பற்றி என் அனுபவமும் ஒன்று. முதல் கேமராவை நானும் தவணையில்தான் வாங்கினேன். வாங்கியபின் லென்ஸுக்குக் காசில்லை. லென்ஸ் வாங்கியபின் படத்துக்குக் காசில்லை. தவணை முடிவதற்குள் அதைவிட நல்ல மாடல் அதைவிடக் குறைந்த விலையில் வந்துவிட்டது. அந்தக் கேமராவில் நான் எடுத்தது பெரும்பாலும் தவணை கட்டுவதற்காக ஒப்புக்கொண்ட கல்யாண வீடியோக்கள்.

உங்கள் படம் காதில் இருக்கிறது

திரைக்கதையை மறுபடி படித்துப் பாருங்கள். மின்சாரம் போகிறது. வெளிச்சம் போவது ஒரு நொடி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன மாறுகிறது? சத்தம். ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்கும். ஃபிரிட்ஜின் உறுமல் நிற்கும், அதுவரை அது உறுமிக்கொண்டிருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அந்த அமைதியில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கத் தொடங்குகிறது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கதையே சவுண்டில் நடக்கிறது, நீங்கள் அதற்கு ஒரு காசுகூட ஒதுக்கவில்லை.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சிக்கனம் மாதிரி தெரியும், கணக்குப் போட்டால் அப்படியில்லை. அமைதியான அறை, மைக், இருவரும் மறுபடி வரும் நாட்கள், உதட்டோடு பொருந்தும்வரை திரும்பத் திரும்பப் பேசவைக்கும் பொறுமை எல்லாம் வேண்டும். அதன்பிறகு துணி உரசும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், காலடி என ஒவ்வொன்றையும் புதிதாக உண்டாக்க வேண்டும். எல்லாம் செய்தாலும், நள்ளிரவில் அந்த வீட்டில், மகள் முகத்தைப் பார்த்தபடி அவர் தணிந்த குரலில் சொன்ன வரியை, மூன்று வாரம் கழித்து ஒரு கண்ணாடி அறையில் நின்று அவரால் சொல்ல முடியுமா? உரத்த வசனமென்றால் தப்பிக்கலாம். கிசுகிசுப்பை டப்பிங் செய்வது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

மைக்கில் எந்த மாடல் என்பதைவிட எவ்வளவு தூரம் என்பதுதான் பெரிது. வெளிச்சத்துக்குச் சொன்ன அதே தூரக் கணக்கு இங்கேயும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வாயிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் கேமரா மேல் இருக்கும் மைக்குக்கும், தலைக்கு மேல் அரை மீட்டரில் பிடித்த பூமுக்கும் (நீளக் கம்பின் நுனியில் கட்டிய மைக்) 12 டெசிபல் வித்தியாசம். அறையின் இரைச்சல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். உங்கள் சமையலறைக் காட்சிக்கு நடந்தது இதுவே.

தாழ்ந்த கூரை உள்ள அறையில் ஒரு திசையைக் குறிவைத்துக் கேட்கும் நீளமான ஷாட்கன் மைக் அவ்வளவு நன்றாக வேலை செய்யாது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியை அது ஒரு குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் மாற்றிவிடும். ஹைப்பர்கார்டியாய்டு (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் எடுக்கும்) வகைக் குட்டை மைக்கைக் கேட்டு வாடகைக்கு எடுங்கள். கூடவே இருவர் சட்டைக்குள்ளும் லேப்பல் மைக் வைக்கலாம், ஆனால் அதை மாற்று ஏற்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள், துணி உரசினால் அந்த டேக்கே போய்விடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உரத்த வார்த்தையின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே. இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வாடகைக்கும் கிடைக்கின்றன. லெவல் தவறினாலும் காப்பாற்றிவிடும் என்பது உண்மை. தூரத்தில் வைத்த மைக்கையும் ஓடுகிற ஃபிரிட்ஜையும் அது காப்பாற்றாது.

ஃபிரிட்ஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. டேக்குக்கு முன் அதை அணைத்துவிட்டு, உங்கள் வண்டிச் சாவியை உள்ளே வையுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது மறக்காமல் போட்டுவிட்டுப் போவீர்கள். சவுண்ட் ஆட்களிடம் காலங்காலமாகப் புழங்கும் தந்திரம் இது. ஃபேனையும் ஃபிரிட்ஜையும் தனியாக, ஓடுவதும் ஓய்வதுமாக, அருகில் மைக் வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் மின்சாரம் போகும் அந்த நொடியை இவற்றை வைத்துத்தான் கட்டப்போகிறீர்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் வெறும் அமைதியைப் பதியுங்கள். வசனத்துக்கு இடையில் வெட்டுகிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். வெறும் தரை, வெறும் சுவர் என்றால் ஃப்ரேமுக்கு வெளியே தடித்த போர்வைகளை விரித்தும் தொங்கவிட்டும் எதிரொலியைக் குறைக்கலாம். முகத்துக்கு அருகே தொங்கவிட்ட அந்தக் கறுப்புப் போர்வை இந்த வேலையையும் சேர்த்துச் செய்யும்.

எல்லாவற்றையும்விட, பூம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அன்றைக்குச் சும்மா இருக்கும் நண்பர் போதாது. ஹெட்ஃபோன் போட்டு, "சார், அந்த வரியில் நாய் குரைத்தது, இன்னொரு டேக் வேண்டும்" என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர் வேண்டும்.

மூன்று இரவு போதாது

18 பக்கம் மூன்று இரவு என்றால் இரவுக்கு ஆறு பக்கம். பகல் வெளிச்சத்தில், பழகிய குழுவோடு என்றால் முடியும். மெழுகுவர்த்தியை மாற்றி, விளக்கை நகர்த்தி, சத்தம் ஓயக் காத்திருந்து எடுக்கும்போது நான்கு பக்கத்தைத் தாண்டினாலே நல்ல வேகம். ஐந்து இரவு வையுங்கள். அதிகாலை மூன்று மணிக்குமேல் மூத்த நடிகரை உட்கார வைக்காதீர்கள்.

அதற்குமுன் ஒரு காரியம். அந்த வீட்டில், அந்த இருவரோடு, முழுப் படத்தையும் ஒரு மாலையில் போனில் எடுங்கள். வெளிச்சம், அழகு எதையும் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து அதை வெட்டி ஒட்டிப் பாருங்கள். 18 பக்கத்தில் இரண்டு மூன்று பக்கம் தேவையே இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் என்றால் கிட்டத்தட்ட கால் இரவு. எந்த ஷாட் வேண்டாம் என்று படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துகொள்வதைப்போல மலிவான தொழில்நுட்பம் இல்லை.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். கலர், சவுண்ட் இரண்டுக்கும் அதிலேயே நல்ல இடம் உண்டு. இருட்டுக் காட்சியின் புள்ளி புள்ளியான இரைச்சலைக் குறைக்கும் வசதி மட்டும் கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். மேலே சொன்ன கணக்கில் எடுத்தால் அது தேவைப்படாது. விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிகாபைட் ஆகும். இரண்டு ஹார்ட் டிரைவில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். இரண்டு டிரைவும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது.

பாட்டு, வீடு, நண்பர்கள்

அப்பா முணுமுணுப்பதுதானே, ஒலிநாடாவைப் போடவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாட்டில் பொதுவாக இரண்டு அடுக்கு உரிமை உண்டு. ஒன்று, பதிவான அந்த ஒலிக்கு. மற்றொன்று, மெட்டுக்கும் வரிகளுக்கும். உங்கள் நடிகர் முணுமுணுத்தால் முதலாவது தப்பிக்கிறது, இரண்டாவது அப்படியே இருக்கிறது. 'முப்பது விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை', 'நன்றி என்று பெயர் போட்டால் போதும்', 'காசுக்காக எடுக்கவில்லையே' ஆகிய மூன்றும் எல்லா இடத்திலும் கேட்கும் பேச்சு. மூன்றையும் நம்பி இறங்காதீர்கள். சில நாடுகளின் சட்டத்தில் விலக்குகள் உண்டு என்றாலும், அவை ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்யப்படுபவை. விழா நடத்துபவர்கள் உங்களுக்காக அந்த ஆபத்தை ஏற்க மாட்டார்கள், இசைக்கு அனுமதி இருக்கிறது என்று உங்களிடம்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

இணையத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர் பயன்படுத்த விடுவது) இசை எடுக்கலாம் என்று யோசித்தால், உரிமத்தின் பெயரைப் படியுங்கள். மாற்றியமைக்கக் கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையைப் படத்தோடு சேர்க்க முடியாது. இசையைக் காட்சியோடு ஒட்டுவதே அந்த உரிமத்தின் பார்வையில் மாற்றியமைப்புதான். அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும்.

உங்கள் கதைக்கு எளிய வழி இருக்கிறது. யார் பாடியது என்றே தெரியாத, வாய்வழியாக வந்த ஒரு தாலாட்டை அப்பா முணுமுணுக்கட்டும். மகள் குழந்தையாக இருந்தபோது பாடியது. சினிமாப் பாட்டைவிட இந்தக் காட்சிக்கு அது நெருக்கமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. வேறொருவர் இசையமைத்துப் பதிந்த வடிவத்தைப் பார்த்துப் பாடாமல், உங்கள் நடிகருக்கே தெரிந்த மெட்டாக இருக்கட்டும்.

நண்பர்கள் இலவசமாக வேலை செய்கிறார்கள், எழுத்தில் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். நடிகர்கள், ஒளிப்பதிவாளர், இசையமைப்பவர், வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதம். என்ன வேலை, ஊதியம் உண்டா இல்லையா, பெயர் எப்படி வரும், படத்தை எங்கெல்லாம் காட்டலாம் என்பது அதில் இருந்தால் போதும். குறிப்பாக இசையமைப்பவர். பல நாடுகளில், எழுதிக் கொடுக்காத வரை அந்த இசை அவருடையதுதான். படம் வெளியே போகும் கட்டத்தில் நட்பு கசந்துவிட்டால் படம் அலமாரியில் தூங்கும். அப்படித் தூங்கும் ஒரு படத்தில் நானும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அந்த ஒரு பக்கத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படத்தை முடித்த மறுநாளே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். பொதுவெளியில் ஏற்கெனவே வந்த படத்தை எடுக்காத விழாக்கள் உண்டு, விதிகளை முதலில் படியுங்கள். பிறகு, நிஜச் சுடர் இருக்கும் செட்டில் ஒரு ஆளின் ஒரே வேலை நெருப்பைப் பார்த்துக்கொள்வதாக இருக்கட்டும். தொங்கவிட்ட போர்வைகளுக்கும் மெழுகுவர்த்திக்கும் நல்ல இடைவெளி விடுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

சேமிப்பைப் பத்துப் பங்காக்கினால்

நானாக இருந்தால் மூன்று பங்கை சவுண்டுக்கு வைப்பேன், ஆள், மைக், ரெக்கார்டர் எல்லாம் சேர்த்து. படம் முடிந்தபின் சவுண்டைக் கலந்து சீராக்க இன்னொரு பங்கு. இரண்டு பங்கு எல்லோருடைய சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும், இரவு வேலைக்கு இதில் கஞ்சத்தனம் கூடாது. விளக்குக்கும் ஹார்ட் டிரைவுக்கும் ஒவ்வொரு பங்கு. மீதி இரண்டு பங்கைத் தொடவே மாட்டேன். ஐந்தாவது இரவில் மழை பெய்யும்போது அது எதற்கு என்று தெரியும்.

உங்கள் ஒளிப்பதிவாளர் நண்பரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பழைய கேமராவோடும் நான்கு மெழுகுவர்த்தியோடும் அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் சோதனை எடுங்கள். பெரிய திரையில் போட்டு இருவரும் சேர்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவருக்குத் திருப்தி இல்லையென்றால், படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் நல்ல கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். தொடாமல் வைத்த இரண்டு பங்கில் ஒன்று அதற்குப் போகட்டும். வாங்குவது மட்டும் வேண்டாம். வாடகைக்கு எடுக்கும்போது, பொருளைக் கையில் வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு கீறலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் திரும்ப வரும்போது உதவும்.

மூத்த நடிகரைப் பற்றிய உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேடையில் இருந்து வருபவர் கேமராவின் அளவைப் பார்க்க மாட்டார். தன் வரி கேட்கிறதா என்றுதான் பார்ப்பார். முதல் ஒத்திகைக்கே பூம் பிடிப்பவரையும் வரச் சொல்லுங்கள், அவர் குரல் எங்கே தணிகிறது என்று இருவருக்கும் பழகட்டும். திரைக்கதையை அந்த சவுண்ட் ஆளுக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.